திருத்தாமல் சொன்ன மர்ளியா மிஸ்

மர்ளியா மிஸ் மௌத்தாகிவிட்ட செய்தி கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் மேல் எனக்கு வந்தது. கண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல மழை. பாலத்தில் வழக்கமான நெரிசல், பஸ் நகரவில்லை. சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்தால் எங்கள் வாசகர் வட்டத்து ஃபாரூக் ஹாஜியார். “மர்ளியா ராத்தா மௌத்தாகிட்டாங்க தங்கவேல். அஸர் தொழுகையோட அடக்கம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சாரல் அடித்து ஃபோனெல்லாம் நனைந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடியும் அவருக்கே எடுத்துக் கேட்டேன். முதல் தடவை சொன்னதை நம்பாமல் இரண்டாம் தடவை கேட்பது என் தொழில் எனக்குப் பழக்கிவிட்ட குணம். இரண்டாம் தடவையும் அவர் அதையேதான் சொன்னார்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் விபத்து வாகனங்களை மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நசுங்கிய காரைப் பார்த்து, சொந்தக்காரர் சொல்கிறபடிதான் அது நசுங்கியதா என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. மாடு குறுக்கே வந்தது என்பார்கள். போய்ப் பார்த்தால் கதவில் பக்கத்து வீட்டு மதிலின் பெயின்ட் ஒட்டியிருக்கும். காலமெல்லாம் இப்படியே போனதில், யார் எதைச் சொன்னாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்கும் ஆளாகிவிட்டேன். என் மகள் சுகந்தி இதை வியாதி என்பாள். மர்ளியா மிஸ் ஒருவர்தான் இதை ஒரு தகுதி என்று சொன்னவர்.

அவர் நீதிமன்றத்தில் முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தார். சாட்சி தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வதும், சட்டத்தரணி சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் கேட்பதும் அவருடைய வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு நாவல் எழுதினார். முதுமையையும் ஞாபகத்தையும் பற்றிய அந்த நாவலால்தான் அவரை நேரில் தெரியாதவர்களும் அவரைப் பற்றிப் பேசினார்கள். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், செத்த வீட்டிலும் புத்தகம் விற்கிறான் என்று சொல்ல நம்மிடையே ஆள் இருக்கிறது.

அன்று குண்டசாலையில் அவருடைய தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் வழக்கத்தில் மையித்தான, அதாவது இறந்துபோன, பெண்ணின் முகத்தை வெளி ஆண்கள் பார்ப்பதில்லை. ஆகவே நான் அவரைக் கடைசியாகப் பார்க்கவில்லை. கேற்றுக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்வரை பக்கத்தில் நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். “கடைசிக் காலத்துல மறதி வந்துட்டுதாம், பாவம்” என்றார் ஒருவர். “அது நாவல்லயே தெரிஞ்சிச்சே” என்றார் மற்றவர். இரண்டு பேரும் நாவலை வாசித்திருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றிய அஞ்சலிகளிலும் ‘மறதியோடு போராடிய எழுத்தாளர்’ என்று வந்துவிட்டது. இந்தப் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் நான் வாயைத் திறந்தாக வேண்டும். தான் உயிரோடு இருக்கும்வரை இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்கின் காலம் முடிந்துவிட்டது.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது சாட்சிக் கூண்டில் நின்றபோது. ஒரு லொறி விபத்து வழக்கு. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் சத்தியம் செய்துவிட்டுச் சொல்வதைச் சொந்த மொழியில் சொல்வோம் என்று தமிழில் சொன்னேன். பிரேக் பிடித்த தடம் முப்பது அடி இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது வாய் தவறி நாற்பது அடி என்றுவிட்டேன். மர்ளியா மிஸ் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் முப்பதை முப்பது என்றும் நாற்பதை நாற்பது என்றும் சிங்களத்தில் சொன்னார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்னைப் பிழிந்து காயப்போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் நேரே அவரிடம் போனேன். “ஏங்க மிஸ், நாப்பதுன்னது வாய் தவறுனதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அந்த எடத்துல முப்பதுன்னே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “திருத்துறது என்ட வேல இல்ல. நீங்க செல்றத அப்பிடியே செல்றதுதான் என்ட வேல. உண்மையா பொய்யாண்டு பாக்கத்தான் மேல ஒருத்தரக் கதிரை போட்டு உக்கார வெச்சீக்கிறாங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றே அவரைப் பிடித்தும் போயிற்று.

அதற்குப் பிறகு நீதிமன்றத்துக்குப் போகும்போதெல்லாம் கன்டீனில் அவரோடு பிளேன்டீ குடிப்பேன். இரண்டு பேருக்கும் யாரையும் நம்பும் பழக்கம் இல்லாததால் பேச்சுக்குப் பஞ்சமே வரவில்லை. ஒருநாள், எந்தச் சாட்சியைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் வரும் என்று கேட்டேன். “ஒரே விஷயத்த மூணு தரமும் சொல் மாறாமச் செல்றவன” என்றார். “அவன் பாடமாக்கிட்டு வந்தீக்கிறான். கண்ணால கண்டவன் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மாத்தித்தான் செல்லுவான்.” என் தொழிலிலும் அப்படித்தான் என்றேன். விபத்தில் உண்மையாகவே சிக்கியவன் ஒருநாள் ஹோர்ன் அடித்தேன் என்பான், இன்னொருநாள் அடிக்கவில்லை என்பான். திட்டம் போட்டுக் காரை இடித்தவன்தான் ஹோர்ன் அடித்த நேரத்தைக்கூடச் சொல்வான். இதை அன்று அவரிடம் நானே என் வாயால் சொன்னேன் என்பதை வாசிப்பவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் கட்டுகஸ்தோட்டை வாசகர் வட்டத்தில் சேர்ந்தோம். பௌர்ணமிப் போயா விடுமுறைகளில், ஃபாரூக் ஹாஜியாரின் புடவைக்கடை மாடியில், துணிக்கட்டுகளுக்கு நடுவே கூடுவோம். அங்கேதான் அவருடைய நாவலின் வெளியீட்டு விழாவும் நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், முதற்பிரதியை ஹாஜியார் வாங்கினார், பேராதனையில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்ற சிவநேசன் மதிப்புரை செய்தார். எல்லாரும் காவியம், காலத்தை வென்றது என்றெல்லாம் பேசினார்கள். பொன்னாடைக்குள்ளிருந்து மர்ளியா மிஸ் என் பக்கம் குனிந்து, “இதுல எத்தன பேர் வாசிச்சீப்பாங்கண்டு நினைக்கிறீங்க?” என்று கேட்டார். சிவநேசன் பாதி வாசித்திருப்பார் என்றேன். “மிச்சம் தாராள மனசு ஒங்களுக்கு” என்றார்.

பிறகு உண்மையாகவே வாசிக்கத் தொடங்கினார்கள். வினையும் அப்போதுதான் தொடங்கியது. தெற்குக் கரையோர ஊரொன்றில் தனியாக வாழும் வயதான முஸ்லிம் பெண்ணின் கதை அது. கணவர் இறந்துபோன காலைப்பொழுதை அவள் நாவலில் மூன்று இடங்களில் நினைத்துப் பார்க்கிறாள். முதலில், அவள் குசினியில் தேசிக்காய் பிழிந்து தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தபோது அவர் இறந்தார் என்று வருகிறது. நடுவில், அவள் மீன் வாங்கச் சந்திக்குப் போயிருந்தபோது என்று வருகிறது. கடைசியில், அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள் என்று வருகிறது. எது சரி என்று நாவல் சொல்வதில்லை. மூன்றிலும் மாறாத ஒரு விஷயம், அவள் வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடும்போது ஒரு காலில் கணவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். அதுகூட ஓரிடத்தில் இடது கால், ஓரிடத்தில் வலது கால்.

வாசகர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பேராதனையிலிருந்து ஒரு பெண் வந்து, தன் தாயாரைப் பார்க்க வராத அண்ணன்மாருக்கு அனுப்பவென்று ஆளுக்கொரு பிரதி வாங்கிப் போனார். நாவலில் வரும் கரைச்சல்காரத் தங்கை தான்தான் என்று மர்ளியா மிஸ்ஸின் சொந்தத் தங்கை ஒரு பெருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஒரு பத்திரிகையில் யாரோ, ‘ஆசிரியரின் மூப்புத் தடுமாற்றம் பிரதியிலும் தெரிகிறது’ என்று நயமாகக் குத்தியிருந்தார். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நாவலை வாசித்தவர்கள் எல்லாரும் அவருடைய வியாதியை வாசித்தார்கள்.

சிவநேசன் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார். அடுத்த போயாக் கூட்டத்துக்கு மர்ளியா மிஸ் வருவதற்கு முன்னால் புத்தகத்தை விரித்துக் காட்டினார். “இதைப் பாருங்கோ, இங்கை மனுசன் சாகேக்கை அவ குசினியிலை. அங்கை சந்தியிலை. நான் விளங்காமல் சொல்லேல்லை. இது உத்தி எண்டால் ஒரு குறிப்பாவது வேணும். அவ மறந்துபோனா, அவ்வளவுதான்” என்றார். ஹாஜியார் உச்சுக் கொட்டினார். ராத்தாவின் உம்மாவுக்கும் கடைசியில் அப்படி வந்ததாக யாரோ சொன்னார்கள்.

அன்றிலிருந்து எல்லாரும் அவரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அவரிடம் சத்தமாகவும் மெதுவாகவும் பேசினார்கள். போன கூட்டத்தில் என்ன சாப்பாடு என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார்கள். ஹாஜியார் ஒருநாள் மாடிப்படியில் அவரை மறித்து, “என்னத் தெரியுதா ராத்தா?” என்றே கேட்டுவிட்டார். மர்ளியா மிஸ் அவரை உற்றுப் பார்த்தார். “தெரியாதே மகன். நீங்க யாரு? இந்தக் கடைக்காரருக்கு எடுபிடியா?” என்றார். ஹாஜியாரின் முகம் விழுந்துவிட்டது. நான் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் அன்று பஸ்ஸில் போகும்போது எனக்கே ஓர் ஓரத்தில் அரிக்க ஆரம்பித்தது. பகிடிதான் விட்டாரா, அல்லது நிஜமாகவே ஒரு நொடி தெரியாமல்போய், அதைப் பகிடியாக மூடிவிட்டாரா?

இதற்கிடையில் இரண்டாம் பதிப்புப் போடப் பதிப்பகத்தார் தயாரானார்கள். வட்டத்தில் கூடிப் பேசி, ஒரு காலைப்பொழுதை மட்டும் வைத்து மற்ற இரண்டையும் எடுத்துவிட்டு, திருத்திய பிரதியொன்றை மிஸ்ஸிடம் பக்குவமாகக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். அவருடைய மானத்தைக் காப்பாற்ற இதுதான் வழி என்று எல்லாரும் உண்மையாகவே நம்பினார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவருக்கு மறதி இருப்பது உறுதியாக வேண்டும். எல்லாருடைய கண்ணும் என் மேல் விழுந்தது. “பொய் விபத்தைக் கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள்தானே. ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ” என்றார் சிவநேசன். எனக்கும் மறுக்க மனம் வரவில்லை. என் பிரதியில் நானும் பென்சில் வட்டங்கள் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு பை ரம்புட்டான் வாங்கிக்கொண்டு குண்டசாலைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னையும் பார்த்தார், பையையும் பார்த்தார். “எத்தன பேர் சேந்து அனுப்பின?” என்றார்.

“யாரும் அனுப்பலீங்க மிஸ். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

“சும்மா வாற ஆளுக்கு ரம்புட்டான் எதுக்கு? உள்ளுக்கு வாங்க.”

தங்கை மகள் தேநீர் வைத்துவிட்டுப் போனாள். நான் மெதுவாக ஆரம்பித்தேன். “இன்னைக்கு என்னா கெழமைங்க? எனக்கே மறந்துபோச்சு” என்றேன்.

“வியாழன். அடுத்த கேள்வி?” என்றார்.

இதற்கு மேல் ஒளிப்பதில் அர்த்தம் இல்லை. புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து, வட்டத்தில் பேசியதை எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பென்சில் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரலை வைத்தார். “இந்தச் செருப்புக்கு ஏன் வட்டம் போட்டீக்கிறீங்க?”

“இங்க எடது காலுங்கிறீங்க, அந்தாண்ட போயி வலது காலுங்கிறீங்க. அதாங்க மிஸ். ஒரு ஆளுக்கு இது மறக்காதுங்க. அடுத்தவங்க செருப்பு கால்ல உறுத்தும்ல.”

“அப்பிடியா” என்றார். கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நீங்களே செல்லுங்க. அண்டைக்கு எந்தக் கால்?”

“என்னைக்கு?”

“பவளம் போன அண்டைக்கு.”

பவளம் என் மனைவி. அவள் இறந்த காலையில், வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடியபோது, என் ஒரு காலில் இருந்தது அவளுடைய செருப்பு. அது எனக்குத் தெரியும். எந்தக் கால் என்று யோசித்தேன். இடது என்று வாய் வரைக்கும் வந்தது. பிறகு வலது என்று தோன்றியது. அந்தக் கதிரையில் உட்கார்ந்தபடி என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மர்ளியா மிஸ் தணிந்த குரலில், நீதிமன்றத்தில் சொல்வதைப் போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். பவளம் போன புதிதில் கன்டீனில் உட்கார்ந்து, நான் குசினியில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தேன் மிஸ், உள்ளே சத்தம் கேட்டது, ஓடினேன், முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சில வருடங்கள் கழித்து பஸ் நிலையத்தில் நின்றபோது, பாண் வாங்க பேக்கரிக்குப் போனேன் மிஸ், திரும்பி வந்தால் முற்றத்தில் சனம் என்று சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு போயாக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள் மிஸ், ஜன்னலைத் திறங்க என்றாள், அதுதான் கடைசி வார்த்தை என்று சொல்லியிருக்கிறேன். மூன்றிலும் செருப்பு வந்திருக்கிறது. மூன்று தடவையும் அழுதிருக்கிறேன்.

அந்த நாவலை நான் இரண்டு தடவை வாசித்தவன். பெண்ணாக மாறி, கடற்கரை ஊருக்குப் போய், நோன்பு பிடித்துக்கொண்டிருந்த என்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் வந்தது கோபம்தான். “என்ட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டீங்களே மிஸ்” என்றேன்.

“கேட்டேன்” என்றார். “எழுதட்டாண்டு மூணு தரமும் கேட்டேன். மூணு தரமும் எழுதுங்கண்டு சென்னீங்க.”

அது எனக்கு நினைவில்லை. இன்றும் நினைவில்லை. அவர் கேட்டாரா, அல்லது அன்று என்னைச் சமாளிக்க அப்படிச் சொன்னாரா என்று நான் இன்றுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் போய்விட்ட பிறகும் அந்தச் சந்தேகத்தை விட மனமில்லை, அவரும் விடச் சொல்லமாட்டார். ஆனால் மூன்று கதைகளையும் நான் சொன்னேன் என்பதில் சந்தேகம் இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து, “அம்மா எப்படிப் போனதா நான் உன்ட்ட சொல்லியிருக்கேன்?” என்று சுகந்தியைக் கேட்டேன். அவள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்க எப்பவும் மாத்தி மாத்தித்தானப்பா சொல்லுவீங்க. நானும் கேட்டுட்டு இருந்துருவேன்” என்றாள். அம்மா போன அன்று அவள் கொழும்பில் வேலையில் இருந்தாள். வீட்டில் இருந்தது நானும் பவளமும் மட்டும். வேறு சாட்சி கிடையாது.

குண்டசாலை வீட்டில் அன்று மர்ளியா மிஸ் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். புத்தகத்தை என் பக்கம் திருப்பி, நான் கொண்டுபோன பென்சிலை அதன் மேல் வைத்தார். “ரெண்டு காலைப்பொழுத வெட்டச் செல்றாங்க. அது ஒங்கட பொருள். எத வெட்டட்டும்? நீங்க செல்லுங்க, வெட்டுறேன்.”

பென்சிலை எடுத்தேன். பாண் வாங்கப் போனதை வெட்டலாம் என்று பார்த்தால், அந்தப் பாணின் சூடு இன்னும் கையில் இருக்கிறது. பிளேன்டீயை வெட்டினால், கரண்டி கீழே விழுந்த சத்தம் எங்கே போகும்? கையைப் பிடித்திருந்ததுதான் பொய்யாக இருக்க வேண்டும், எனக்கு அது தேவைப்பட்டதால் நானே உண்டாக்கியிருக்க வேண்டும் என்று என் தொழில்புத்தி சொல்லியது. ஆனால் ஜன்னலைத் திறங்க என்று அவள் சொன்ன குரலை நான் எங்கிருந்து உண்டாக்குவேன்? பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். எழுபதைத் தாண்டிய ஆள் அடுத்தவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அவர் ரம்புட்டான் ஒன்றை உரித்து என் பக்கம் வைத்தார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் உடனே தடுத்தார். “ஒரு சொல் செல்லப்படாது. நான் ஈக்கிற வரைக்கும் வாயத் திறக்காதீங்க.”

“உங்களுக்குத்தான மறதின்னு ஊரே சொல்லும்?”

“செல்லட்டும். அந்தப் புத்தகத்த வாசிச்சுட்டு ஒருத்தரும் ஒருத்தரையும் சந்தேகப்படல்லண்டா நான் எழுதினது சரியில்ல. அவங்க என்னப் பாத்து, ஐயோ பாவம்ண்டு செல்றாங்க. பொறகு வீட்டுக்குப் போய் ராவைக்குச் சாவிய எங்க வெச்சண்டு தேடுவாங்க. அண்டைக்குத்தான் அந்தப் புத்தகம் அவங்களுக்கு வேல செய்யும். அதோட, சாட்சியக் காட்டிக்குடுக்கிறது என்ட பழக்கமில்ல” என்றார். பேசமாட்டேன் என்று என் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் அனுப்பினார்.

அடுத்த போயாக் கூட்டத்தில் நான் என் அறிக்கையைக் கொடுத்தேன். மிஸ்ஸுக்கு மறதி இல்லை, ஒரு எழுத்தையும் தொட வேண்டாம் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. “உங்களுக்கு அவவிலை பரிவு, அதாலை சொல்லுறியள்” என்றார் சிவநேசன். காரணத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால் நானும்தான் நம்பியிருக்கமாட்டேன். இரண்டாம் பதிப்பு ஒரு சொல்லும் மாறாமல் வந்தது. ஆசிரியர் பிடிவாதம், மறதியின் இன்னோர் அறிகுறி என்றார்கள். மர்ளியா மிஸ் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தார். கிழமையைக் கேட்டவர்களுக்குச் சில நாட்களில் சரியாகச் சொன்னார், சில நாட்களில் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். என்னுடைய மறதிக்கு மறைப்பாக, தன் பெயரை இப்படி இத்தனை வருடம் போட்டு வைத்திருந்தார். இதயம் திடீரென்று நின்று இறந்தாரே தவிர, எதையும் மறந்து இறக்கவில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

வட்டத்து நண்பர்களே, சிவநேசன் அவர்களே, ஹாஜியார் அவர்களே, மூன்று காலைப்பொழுதுகளும் என்னுடையவை. பென்சில் வட்டங்களை இனி என்னைச் சுற்றிப் போடுங்கள்.

இதை எழுதி முடித்ததும் சுகந்தியிடம் வாசிக்கக் கொடுத்தேன். முதல் பந்தியிலேயே நின்றுவிட்டாள். “அப்பா, நீங்க அன்னைக்கு பஸ்ல வரல. வீட்லதான் இருந்தீங்க” என்றாள். “ஹாஜியார் என் ஃபோனுக்குத்தான் எடுத்தாரு. நான்தான கொண்டாந்து குடுத்தேன். நீங்க வாசல்ல மொளகா காயப்போட்டுட்டு இருந்தீங்க. நல்ல வெயிலு.” நனைந்த ஃபோனை நான் துடைத்தது எனக்கு இப்போதும் விரலில் தெரிகிறது. ஆனால் அவள் பொய் சொல்லும் பிள்ளை இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்தப் பந்திய எடுத்துறவா?” என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். மர்ளியா மிஸ்ஸிடமிருந்து எனக்கு வந்தது, திருத்தாமல் சொல்லும் இந்த ஒரு பழக்கம்தான். அவர் இறந்த செய்தி எனக்குப் பாலத்தின் மேல் மழையில் வந்தது. என் வீட்டு வாசலில் வெயிலிலும் வந்தது. இரண்டும் இங்கே இருக்கட்டும்.